முயல் கூட்டின் ஈரமும் பூச்சி மருந்தின் எல்லையும்

குன்னத்துகால் முதல் களியக்காவிளை வரை வீட்டு முயல்களை வாட்டும் ஒட்டுண்ணிகள் எவை, அவற்றைத் தடுக்கும் வழி எது?

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த குன்னத்துகால் ஊராட்சியும், அதைச் சூழ்ந்த காரக்கோணம், பாறசாலை, வெள்ளறடைப் பகுதிகளும் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்களைக் காண்பவை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பரில் ஓய்ந்ததுமே அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுவதால், டிசம்பர் வரை மண் முழுதாக உலர வாய்ப்புக் கிடைப்பதில்லை. ரப்பரும் வாழையும் மரச்சீனியும் செழிக்கக் காரணமான இந்த ஈரமே, கொல்லையில் கூடு வைத்து வளர்க்கப்படும் முயல்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளுக்கும் வாழ்வளிக்கிறது.

வேறோர் உயிரின் உடலுக்குள்ளோ உடல்மேலோ தங்கி, அதன் உணவையோ குருதியையோ திசுவையோ உண்டு வாழும் உயிரே ஒட்டுண்ணி. வீட்டு விலங்குக்கு ஒட்டுண்ணி என்றதும் குடற்புழுவும், குடற்புழு என்றதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புகட்டும் பூச்சி மருந்தும் நினைவுக்கு வருவது ஆடு வளர்த்துப் பழகிய குடும்பங்களில் இயல்பே. ஆனால் ஆட்டுக்குப் பொருந்தும் அந்தப் பழக்கம் முயலுக்கு அப்படியே பொருந்துவதில்லை. கூட்டில் வளரும் முயலைக் குடற்புழு கொல்வது அரிது. பூச்சி மருந்துக்கு அடங்காத ஓர் ஒற்றைச்செல் உயிரியும், தோலைக் குடையும் நுண்ணுண்ணியும், ஈ இட்ட முட்டையிலிருந்து வரும் புழுவுமே அதைப் பெரும்பாலும் வீழ்த்துகின்றன. ஆகவே இப்பகுதியில் முயலுக்கான ஒட்டுண்ணித் தடுப்பு என்பது கூட்டின் தரை, புல் வரும் இடம், புழுக்கைப் பரிசோதனை ஆகிய மூன்றையும் முதலில் வைத்து, மருந்தை நான்காவதாக வைக்க வேண்டிய ஒரு வேலையாகிறது.

வேறு நிலத்து விலங்கு

வளர்ப்பு முயல்கள் அனைத்தும் ஒரிக்டோலேகஸ் குனிகுலஸ் என்ற ஓர் இனத்தைச் சேர்ந்தவை. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. எல்லையோரத் தோட்டங்களிலும் மலையடிவாரப் புதர்களிலும் திரியும் காட்டு முயலோ லெபஸ் நைக்ரிகாலிஸ் என்ற வேறு பேரினத்து விலங்கு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாப்பதால், பிடித்து வளர்ப்பது குற்றமாகும். தென்னிந்தியாவில் இறைச்சிக்காகப் பரவலாக வளர்க்கப்படும் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட், சாம்பல் ஜெயண்ட் ஆகிய இனங்களும், செல்லப் பிராணியாக வாங்கப்படும் டச்சு, அங்கோரா இனங்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதால் அவற்றுக்கு வரும் ஒட்டுண்ணிகளும் ஒன்றே.

இந்த மூலத்தை அறிவதில் நடைமுறைப் பயன் உண்டு. ஐரோப்பாவில் வீட்டு முயல் மேயும் அதே புல்வெளியில் ஐரோப்பியக் காட்டு முயலும் நடமாடுவதால், அதன் இரைப்பையில் வாழும் கிராஃபிடியம், சிறுகுடலில் வாழும் ட்ரைக்கோஸ்ட்ராங்கைலஸ் ஆகிய உருண்டைப் புழுக்கள் வீட்டு முயலுக்கும் வந்து சேர்கின்றன. குன்னத்துகாலின் கூட்டு முயல் மண்ணில் மேய்வதில்லை. அதற்குப் புழுவைத் தரும் ஐரோப்பியக் காட்டு முயலும் இந்த மண்ணில் இல்லை. எனவே மேலைநாட்டுக் கையேடுகளில் காணப்படும் புழுநீக்க அட்டவணையையோ, பக்கத்துத் தொழுவத்து ஆட்டின் அட்டவணையையோ எடுத்து முயல் கூட்டில் மாட்டிவைப்பதால் பயன் அதிகமில்லை.

முதல் எதிரி கோக்சீடியா

கூட்டு முயல்களின் ஒட்டுண்ணி நோய்களில் முதலிடம் பெறுவது கோக்சீடியா நோய். ஐமீரியா என்ற பேரினத்தைச் சேர்ந்த ஒற்றைச்செல் உயிரிகள் இதை உண்டாக்குகின்றன. முயலைத் தாக்கும் ஐமீரியா இனங்கள் 11 எனப் பொதுவாக ஏற்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஐமீரியா ஸ்டீடே ஒன்று மட்டும் கல்லீரலின் பித்தக் குழாய்களில் வளர, மற்றவை குடற்சுவரின் செல்களுக்குள் பெருகுகின்றன. டச்சு நாட்டு நுண்ணோக்கி வல்லுநர் ஆண்டனி வான் லீவன்ஹூக் 1674-இல் முயலின் பித்தநீரில் கண்டு எழுதிய முட்டை வடிவத் துகள்கள் இந்த ஸ்டீடே இனத்தவையே என்று கருதப்படுகிறது. மனிதக் கண் கண்ட முதல் ஒட்டுண்ணி ஒற்றைச்செல் உயிரி என்ற சிறப்பும் அதனால் இதற்கு உண்டு.

நோய் பரவும் முறையைப் புரிந்துகொண்டால் தடுப்பின் பாதி முடிந்துவிடுகிறது. நோயுற்ற முயலின் புழுக்கையோடு ஊசிஸ்ட் எனப்படும் தடித்த ஓடுடைய முட்டை போன்ற வடிவங்கள் வெளியேறுகின்றன. வெளியேறும் கணத்தில் அவற்றுக்குத் தொற்றும் ஆற்றல் கிடையாது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்து, இனத்தையும் வெப்பத்தையும் பொறுத்து ஒன்று முதல் நான்கு நாட்களில் முதிர்ந்த பிறகே, மற்றொரு முயல் விழுங்கினால் நோய் வரும். முயல்களுக்கு இயல்பான ஒரு பழக்கம் இதைத் தெளிவாக்குகிறது. முயல் இருவகைப் புழுக்கை இடுகிறது: நாம் பார்க்கும் உலர்ந்த உருண்டைகள் ஒரு வகை, பெருங்குடலின் தொடக்கப் பையில் நொதித்து, சளிப் பூச்சுடன் கொத்தாக வரும் மென்புழுக்கை மறு வகை. மென்புழுக்கையை முயல் தன் ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து விழுங்கி, அதிலுள்ள புரதத்தையும் பி வகை உயிர்ச்சத்துகளையும் பெறுகிறது. அவ்வாறு உடனே விழுங்கப்படும் ஊசிஸ்ட் முதிராதது என்பதால் தீங்கு செய்வதில்லை. தீங்கு செய்வது, கூட்டின் மூலையில் இரண்டு நாள் கிடந்து நனைந்த புழுக்கை; அல்லது அந்தப் புழுக்கை ஒட்டிய புல்.

தாய் முயல் பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டதாக இருக்கும். நோய்க்குறி ஏதுமின்றிச் சிறு அளவில் ஊசிஸ்ட்டுகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். தாய்ப்பால் மறந்து புல்லுக்கும் தீவனத்துக்கும் மாறும் நான்காவது வாரத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மாத வயது வரை உள்ள குட்டிகளே இதற்கு இரையாகின்றன. வயிறு உப்பி முதுகெலும்பு தெரிய இளைப்பது, ரோமம் பொலிவிழப்பது, சளியோ குருதியோ கலந்த கழிச்சல், தீனியில் நாட்டமின்மை ஆகியன குடல் வகையின் அறிகுறிகள். கல்லீரல் வகையில் கழிச்சல் இல்லாமலே குட்டி தேய்ந்துபோகும். இறந்தபின் வயிற்றைத் திறந்தால் கல்லீரல் பெருத்து, அதன்மேல் மஞ்சள் கலந்த வெண்ணிறக் கட்டிகள் சிதறியிருப்பதைக் காணலாம். கோக்சீடியா ஒவ்வொன்றும் தனக்குரிய விலங்கை மட்டுமே தாக்கும் என்பதால், அருகில் உலவும் கோழிகளிடமிருந்தோ ஆடுகளிடமிருந்தோ முயலுக்கு இந்நோய் வருவதில்லை. முயலிலிருந்தே முயலுக்கு வருகிறது.

குடற்புழுவை நீக்கும் ஃபென்பெண்டசோலோ அல்பெண்டசோலோ கோக்சீடியாவைக் கட்டுப்படுத்துவதில்லை என்பது இங்கே அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி. பூச்சி மருந்து கொடுத்த பின்னும் குட்டிகள் வரிசையாகச் சாகின்றன என்ற முறையீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே விடை. சல்ஃபா வகை மருந்துகள், ஆம்ப்ரோலியம், டோல்ட்ராசுரில் ஆகியன கால்நடை மருத்துவர் தேர்ந்தெடுக்கும் மருந்துகள். குடிநீரில் கலந்து கொடுக்கும்போது, நோயுற்ற குட்டி குறைவாகவே குடிக்கும் என்பதால், அதிகம் தேவைப்படும் விலங்குக்கே மருந்து குறைவாகப் போய்ச் சேரும் இடர் உண்டு. தனியே பிரித்து வாய்வழி புகட்டுவதே உறுதியான முறை. கோழித் தீவனத்தில் கலக்கப்படும் கோக்சீடியா தடுப்பு மருந்துகளுள் நராசின் போன்றவை முயலுக்கு நஞ்சாவதால், மிஞ்சிய கோழித் தீவனத்தை முயலுக்கு வைக்கும் பழக்கம் அறவே ஆகாது.

மெய்யான புழுக்கள்

கூட்டு முயலில் அதிகம் காணப்படும் குடற்புழு, பாசலூரஸ் அம்பிகுவஸ் என்னும் கீரிப்பூச்சி வகை. நூலிழை போன்ற இந்த வெண்புழு பெருங்குடலில் வாழ்ந்து, அங்குள்ள நுண்ணுயிர்களையும் செரிமான மிச்சத்தையும் உண்கிறது. புழுக்கையின் மேல் நெளியும் வெள்ளை இழைகளைக் கண்டு வளர்ப்போர் பதறினாலும், அளவு மிகாதவரை இதனால் பெருந்தீங்கு இல்லை. குட்டிகளில் பெருகினால் எடை குறையும், ஆசனவாய் அரிக்கும். குழந்தைகளுக்கு வரும் கீரிப்பூச்சி வேறு இனம். முயலிடமிருந்து குழந்தைக்கோ, குழந்தையிடமிருந்து முயலுக்கோ இது தொற்றாது. ஃபென்பெண்டசோல் இதற்கு நன்கு வேலை செய்கிறது. மென்புழுக்கை வழியே முட்டைகள் மீண்டும் வயிற்றுக்குள் போவதால் மருந்தை ஒரே நாளோடு நிறுத்தாமல் தொடர்ந்து சில நாட்கள் கொடுத்து, இரண்டு வாரத்துக்குப் பின் மறுமுறை கொடுக்கவும் மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு.

நாடாப்புழுவின் வரவு வேறு விதம். டீனியா பிசிஃபார்மிஸ் என்ற நாடாப்புழு முதிர்ந்த நிலையில் நாயின் குடலில் வாழ்கிறது. நாயின் மலத்தோடு முட்டைகள் புல்லில் விழ, அந்தப் புல்லைத் தின்னும் முயலின் குடலைத் துளைத்து வெளிவரும் இளம்புழு கல்லீரல் வழியே சென்று, வயிற்று உறையில் பட்டாணி அளவுள்ள நீர்க்கொப்புளங்களாகத் தங்குகிறது. ஒவ்வொரு கொப்புளத்தின் உள்ளேயும் வெண்புள்ளியாகத் தெரிவது வருங்காலப் புழுவின் தலை. இறைச்சிக்காக முயலை அறுக்கும் வீட்டில் அந்தக் குடலையும் ஈரலையும் நாய்க்கு எறிந்தால் சுழற்சி நிறைவடைந்துவிடுகிறது. சில வாரங்களில் அந்த நாய் மீண்டும் புல்லில் முட்டை சிந்தத் தொடங்கும். கோக்சீடியாவின் கல்லீரல் கட்டிகள் தயிர் போன்ற சீழுடன் கல்லீரலுக்குள் பதிந்திருக்க, நாடாப்புழுவின் கொப்புளங்களோ தெளிந்த நீருடன் உறையில் தொங்குவதால், வெறும் கண்ணாலேயே இரண்டையும் பிரித்தறிய முடியும். இந்த நோய்க்கான மருந்தைக் கொடுக்க வேண்டியது முயலுக்கு அல்ல, வீட்டு நாய்க்கு: பிராசிகுவாண்டெல் கலந்த நாடாப்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் நாய்க்குக் கொடுப்பதும், குடலை ஆழமாகப் புதைப்பதும், தெருநாய் நடமாடும் வழியோரத்தில் புல் அறுக்காமலிருப்பதும் முயலைக் காக்கும்.

காதிலும் மூக்கிலும் குடைபவை

உடலின் வெளிப்புறத்தில் வாழும் ஒட்டுண்ணிகளுள் நுண்ணுண்ணிகள் முதன்மையானவை. சிலந்தி வகுப்பைச் சேர்ந்த, எட்டுக் கால்கள் கொண்ட மிகச் சிறிய உயிர்கள் இவை. சோரோப்டிஸ் குனிகுலி என்ற காது நுண்ணுண்ணி காது மடலின் உட்புறத் தோலைச் சுரண்டி உண்பதால் ஊனீர் கசிந்து உறைந்து, அடுக்கடுக்கான பழுப்பு நிறப் பொருக்கு காதை அடைக்கிறது. முயல் தலையை உதறுவதும், பின்னங்காலால் காதைப் பிறாண்டுவதும், ஒரு காதைத் தொங்கவிடுவதும் தொடக்க அறிகுறிகள். பொருக்கின் சிறு துண்டைக் கறுப்புத் தாளில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் வெண்புள்ளிகள் நகர்வதைக் காணலாம். இந்தப் பொருக்கைப் பிய்த்தெடுப்பது கடும் வலியையும் குருதிப் போக்கையும் தரும்; மருந்து பட்டு உண்ணிகள் இறந்தபின் அது தானே உதிர்ந்துவிடும்.

சார்கோப்டிஸ் ஸ்கேபி என்ற சொறி நுண்ணுண்ணி மூக்கு, உதடு, கண்ணோரம், கால்விரல் ஆகிய இடங்களில் தோலுக்குள் வளை தோண்டுகிறது. சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்பொருக்கு மூக்கின்மேல் தடித்து, முற்றிய நிலையில் முயலால் வாய் திறந்து தின்னவும் முடியாமல் போகிறது. செய்லெட்டியெல்லா என்ற ரோம நுண்ணுண்ணி முதுகில் பொடுகு போன்ற செதில்களை உண்டாக்குகிறது. பின்னிரண்டும் வளர்ப்போரின் கையிலும் வயிற்றிலும் அரிப்புத் தடிப்புகளை உண்டாக்கக் கூடியவை என்பதால், முயலை மடியில் வைத்துக் கொஞ்சும் குழந்தைகளுக்கு அரிப்பு வந்தால் கூட்டையும் பார்க்க வேண்டும். படர்தாமரை எனப்படும் பூஞ்சை நோயும் மூக்கிலும் காதோரத்திலும் ரோமம் உதிர்ந்த வட்டங்களாக ஏறத்தாழ இதே தோற்றத்தில் வரும். சொறிக்கான மருந்து பூஞ்சையைத் தொடாது. ஆகையால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்த பிறகே மருந்தை முடிவு செய்வது முறை.

சொறிக்கு இன்று பெரிதும் பயன்படும் ஐவர்மெக்டின், ஜப்பானின் கவானாவில் எடுக்கப்பட்ட மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பெறப்பட்ட பொருளின் வழி உருவானது. 1981-இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்த இதன் கண்டுபிடிப்புக்காக சதோஷி ஓமுரா, வில்லியம் கேம்பெல் ஆகிய இருவரும் 2015-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றனர். உயிருள்ள உண்ணியைக் கொல்லும் இம்மருந்து அதன் முட்டையைக் கொல்வதில்லை. காது நுண்ணுண்ணி முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒரு சுற்றை முடிப்பதால், 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை மருந்து தேவைப்படுகிறது. முதல் ஊசியில் சொறி ஆறியதைக் கண்டு நிறுத்திவிடும் வீடுகளில் அடுத்த மாதமே நோய் திரும்புவதற்குக் காரணம் இதுவே. குளிர்ந்த, ஈரமான சூழலில் காது நுண்ணுண்ணி முயலைவிட்டு விலகியும் மூன்று வாரம் வரை உயிரோடிருக்கக் கூடும் என்பதால், கூட்டைத் துப்புரவாக்காமல் முயலுக்கு மட்டும் மருத்துவம் செய்வதும் பலன் தராது.

மழைக்கால ஈ

பின்புற ரோமத்தில் சிறுநீரோ மென்புழுக்கையோ ஒட்டிய முயலை நாடிப் பச்சை ஈக்கள் வந்து முட்டையிடுகின்றன; வெப்பமும் ஈரமும் கூடிய நாட்களில் ஒரு நாளைக்குள்ளாகவே புழுக்கள் வெளிவந்து தோலையும் சதையையும் தின்னத் தொடங்குகின்றன. காலையில் நலமாகத் தெரிந்த முயல் மறுநாள் அதிர்ச்சி நிலையில் கிடப்பதற்கு இந்த வேகமே காரணம். உடல் பருத்ததாலோ, மூட்டு வலியாலோ, பல் நோயாலோ தன் பின்புறத்தைத் துப்புரவு செய்ய இயலாத முயலும், அடர்தீவனம் மிகுந்து மென்புழுக்கையைத் தின்னாமல் விடும் முயலும் முதலில் பலியாகின்றன. ஆட்டின் புழுப்புண்ணுக்கு ஊற்றும் டர்பென்டைனை முயலுக்கு ஊற்றினால் மெல்லிய தோல் வெந்துபோவதோடு, நக்கி விழுங்கியும் கேடு நேரும். ரோமத்தைக் கத்தரித்து, இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, அன்றே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வது ஒன்றே வழி. மழைக்காலத்தில் காலையும் மாலையும் வாலடியைப் பார்த்துவிடுவது எந்த மருந்தையும்விடப் பயனுள்ள தடுப்பு.

தலை சாய்ந்த முயல்

தலையை ஒரு பக்கம் சாய்த்து வட்டமிடும் முயலைக் கண்டால், என்செஃபலிட்டோசூன் குனிகுலி என்ற நுண்ணொட்டுண்ணியையும் ஐயுற வேண்டும். 1922-இல் அமெரிக்காவில் முடக்குற்ற முயல்களில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இது, இன்று பூஞ்சைகளுக்கு நெருங்கிய மைக்ரோஸ்போரிடியா தொகுதியில் வைக்கப்படுகிறது. சிறுநீரில் வெளியேறும் இதன் வித்துகள் தீவனத்தில் பட்டு மற்ற முயல்களுக்குப் பரவி, மூளை, சிறுநீரகம், கண் ஆகியவற்றைத் தாக்குகின்றன. ஃபென்பெண்டசோலை 28 நாட்கள் தொடர்ந்து கொடுப்பது இதற்கான வழக்கமான மருத்துவம். பிரிட்டனில் முயலுக்கென விற்கப்படும் ஃபென்பெண்டசோல் பசையின் பரிந்துரைகளில் இந்த நோய்க்கு முக்கிய இடம் உண்டு. எனினும் நடுக்காதில் வரும் பாக்டீரியா நோயாலும் தலை சாயும் என்பதால், பார்த்தவுடன் பூச்சி மருந்து தொடங்குவது சரியன்று. எதிர்ப்பாற்றல் குன்றிய மனிதருக்கும் இது தொற்றக் கூடியது. அத்தகையோர் கூடு கழுவும் வேலையைப் பிறரிடம் விட வேண்டும்.

சொட்டுக் கணக்கு

களியக்காவிளையானாலும் பாறசாலையானாலும் கால்நடை மருந்துக் கடையில் கிடைப்பவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் நாய்க்கும் உரிய மருந்துகளே. முயலுக்கென்று அளவிட்ட புட்டி எளிதில் கிடைப்பதில்லை. இங்கேதான் கணக்கு பிசகுகிறது. முயலின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது ஃபென்பெண்டசோலுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. 2 கிலோ முயலுக்கு 40 மில்லிகிராம். 2.5 சதவீதக் கரைசலின் ஒரு மில்லியில் 25 மில்லிகிராமும், 10 சதவீதக் கரைசலின் ஒரு மில்லியில் 100 மில்லிகிராமும் மருந்து இருப்பதால், முன்னதில் 1.6 மில்லியும் பின்னதில் 0.4 மில்லியும் போதுமானவை. புட்டியின் சதவீதத்தைப் பார்க்காமல் சென்ற முறை கொடுத்த அளவையே கொடுத்தால் மருந்து நான்கு மடங்காகிவிடும்.

ஐவர்மெக்டினில் இடைவெளி இன்னும் குறுகலானது. கடையில் கிடைக்கும் ஒரு சதவீத ஊசி மருந்தின் ஒரு மில்லி, மாட்டில் 50 கிலோ எடைக்கானது. முயலுக்குக் கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் என்று கொண்டால், 2 கிலோ முயலுக்குத் தேவை 0.04 முதல் 0.08 மில்லி மட்டுமே. ஒரு சொட்டு நீரின் அளவு ஏறத்தாழ 0.05 மில்லி, ஆக ஒரு சொட்டைச் சுற்றியே மருந்தின் நன்மையும் தீமையும் அமைந்துவிடுகின்றன. சாதாரண 2 மில்லி ஊசிக்குழலில் இந்த அளவைத் துல்லியமாக எடுக்க இயலாது. எடை பார்க்கும் தராசும் நுண்ணளவு காட்டும் குழலும் மருத்துவரின் கணக்கும் சேர்ந்த பிறகே இந்த மருந்து முயலைத் தொட வேண்டும்.

மருந்துகளின் தீங்குகளும் அறியத்தக்கவை. பென்சிமிடசோல் தொகுதியைச் சேர்ந்த ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல் ஆகியன அளவு மீறினாலோ நெடுநாள் கொடுக்கப்பட்டாலோ எலும்பு மஜ்ஜையைப் பாதித்துக் குருதியணுக்களைக் குறைத்த நிகழ்வுகள் முயல்களில் பதிவாகியுள்ளன. அல்பெண்டசோல் கருவைச் சிதைக்கக் கூடியது. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்களே என்பதால், சினையா இல்லையா என்று தெரியாத பெண் முயலுக்கு அதைக் கொடுப்பது துணிச்சலான செயல். நாய்க்கும் பூனைக்கும் தெள்ளுப்பூச்சியை ஒழிக்க முதுகில் விடும் ஃபிப்ரோனில் முயலுக்கு உயிர்க்கொல்லியாகலாம். வீட்டு வைத்தியங்களுள் புகையிலைக் கஷாயத்தின் நிகோட்டின் தோல் வழியே உடலில் ஏறும் நஞ்சு. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். பூண்டும் வெங்காயமும் முயலின் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. மருந்து புகட்டுமுன் பட்டினி போடும் வழக்கமும் முயலுக்கு ஆகாது; குடல் சில மணிநேரம் வெறுமையாக நின்றாலே அதன் இயக்கம் தடுமாறுகிறது, வாந்தி எடுக்கும் திறனும் முயலுக்கு இல்லை.

தரை, புல், புழுக்கை

தடுப்பின் முதல் தூண் தரை. ஊசிஸ்ட் முதிர ஒரு நாளாவது வேண்டும் என்பதால், நாள்தோறும் புழுக்கையை அகற்றும் கூட்டில் கோக்சீடியா தன் சுழற்சியை முடிக்க வழியில்லை. தரையிலிருந்து உயர்த்தி, புழுக்கை கீழே விழுந்துவிடும்படி அமைத்த கம்பிவலைத் தளம் இதற்கு உதவுகிறது. ஆனால் வலையின்மேல் மட்டுமே நிற்கும் முயலுக்குப் பாதப்புண் வருவதால், அமர்ந்து இளைப்பாற ஒரு பலகை தேவை, அந்தப் பலகையும் நாள்தோறும் துடைக்கப்பட வேண்டும். கூரையின் சாரல் கூட்டுக்குள் விழாதபடி தாழ்வாரத்தை நீட்டுவது, தீவனத் தட்டையும் தண்ணீர்ப் புட்டியையும் புழுக்கை எட்டாத உயரத்தில் மாட்டுவது, பிரசவப் பெட்டியை ஒவ்வோர் ஈற்றுக்குப் பின்னும் காயவைப்பது ஆகியன செலவில்லாத காப்புகள். ப்ளீச்சிங் பவுடர் ஊசிஸ்ட்டின் ஓட்டைத் துளைப்பதில்லை. கொதிநீரும் நெருப்புச் சுவாலையும் கடும் வெயிலும் அம்மோனியாக் கரைசலுமே அதை அழிப்பவை. ப்ளீச்சிங் பவுடரையும் அம்மோனியாவையும் ஒருபோதும் கலக்கலாகாது. வெளிவரும் நச்சுவாயு மனிதருக்கே கேடு. முயல்களை வெளியே எடுத்துவிட்டு இரும்பு வலையைப் புளோலாம்ப் சுடரில் காட்டியெடுப்பது பண்ணைகளில் வழக்கம். மரக்கூட்டுக்குக் கொதிநீரும் வெயிலும் போதும்.

இரண்டாவது தூண் புல். நாய் புழங்காத இடத்தில் அறுத்து, மழைநீர் வடிய நிழலில் உலர்த்தி, தரையில் போடாமல் புல்கூடையில் வைக்கப்பட வேண்டும். முருக்கு, பலா, அகத்தி, வேலிமசால் போன்ற மரத்தழைகளும் தழைத்தீவனங்களும் மண் மட்டத்துக்கு மேலிருந்து வெட்டப்படும்போது நாய் மலமும் பழைய புழுக்கையும் படாதவை என்பதால் மழைக்காலத்துக்கு ஏற்றவை. மரச்சீனி இலையைப் பச்சையாகக் கொடுத்தால் அதிலிருந்து பிறக்கும் சயனைடு ஆபத்தாகும் என்பதை இப்பகுதி ஆடு வளர்ப்போர் நன்கறிவர். முயலுக்கும் அது பொருந்தும்.

மூன்றாவது தூண் பரிசோதனை. புதிய புழுக்கை சிலவற்றைச் செறிவான உப்புக் கரைசலில் கரைத்து வடித்து நிறுத்தினால், எடை குறைந்த ஊசிஸ்ட்டுகளும் புழு முட்டைகளும் மேலே மிதந்து வரும். அதில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் எந்த ஒட்டுண்ணி, எவ்வளவு என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பழைய புழுக்கையில் ஊசிஸ்ட் உருமாறிவிடுவதால், காலையில் இட்டதை மூடிய புட்டியில் எடுத்துச் செல்வது நல்லது. மழைக்கு முன்பாக மே இறுதியில் ஒருமுறை, இரண்டாம் மழைக்கு முன்பாகச் செப்டம்பர் இறுதியில் ஒருமுறை, குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் வாரத்தில் ஒவ்வொரு முறையும் சோதிப்பது இந்நிலத்துக்குப் பொருந்தும் அட்டவணை. பிப்ரவரி முதல் மே வரையிலான வெக்கையில் ஒட்டுண்ணியைவிட வெப்ப அயர்ச்சியே பெரிய எதிரி. அந்த மாதங்களைக் கூட்டைப் பழுது பார்க்கவும் வெயிலில் காயவைக்கவும் பயன்படுத்தலாம்.

எல்லையின் இருபுறமும்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, களியக்காவிளையும் மார்த்தாண்டமும் அடங்கிய விளவங்கோடு வட்டம், இன்று தமிழ்நாடு எனப்படும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. உறவும் வணிகமும் இன்றும் அந்தக் கோட்டைக் கடந்தே நடப்பதால், மார்த்தாண்டத்தில் வாங்கிய முயல் காரக்கோணத்து வீட்டில் வளர்வதில் வியப்பில்லை. அந்த முயலுக்கு முன்பு என்ன நோய் வந்தது, என்ன மருந்து தரப்பட்டது என்ற செய்தி மட்டும் உடன் வருவதில்லை. எங்கு வாங்கியதானாலும் புதிய முயலை மூன்று முதல் நான்கு வாரம் தனிக்கூட்டில் வைத்து, காதையும் மூக்கையும் பார்த்து, புழுக்கையைச் சோதித்த பிறகே பழைய முயல்களோடு சேர்க்க வேண்டும். அதுவரை பழைய முயல்களுக்குத் தீனி வைத்த பின்னரே புதியதைத் தொடுவதும், இடையில் கை கழுவுவதும் காப்பு.

உதவி பெறும் இடங்களும் இருபுறம் உண்டு. கேரளத்தில் மண்ணுத்தியில் 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், வயநாட்டின் பூக்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்டு 2010-இல் அமைந்த கால்நடைப் பல்கலைக்கழகமும், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டிலுள்ள மாநில விலங்கு நோய் நிறுவனமும் இருக்கின்றன. பாலோடு அதே மாவட்டத்தில் இருப்பதால், கூட்டமாகக் குட்டிகள் இறக்கும்போது நோய்க் காரணத்தைக் கண்டறிய அருகிலுள்ள வாய்ப்பு அதுவே. தமிழ்நாட்டில் 1989-இல் தொடங்கிய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலிக் கல்லூரியும், கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் முயல் இனங்களைப் பேணிவரும் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமும் முயல் வளர்ப்போருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

முயலுக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு, ஆடு வளர்ப்பில் உள்ளதைப் போல் ஓர் எண்ணை விடையாகத் தர இயலாது. புழுக்கையைப் பார்த்த பிறகு கொடுக்க வேண்டும், காணப்பட்ட ஒட்டுண்ணிக்குரிய மருந்தையே கொடுக்க வேண்டும், முயலை எடை போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதே விடை. இதற்கு வேண்டியவை ஒரு நுண்ணோக்கியும் உப்புக் கரைசலும் பழகிய கண்ணும். ஒவ்வோர் ஊராட்சியின் மாட்டாஸ்பத்திரியிலும் முயல் புழுக்கைப் பரிசோதனை அன்றாட வேலையாகிவிட்டால், வெறும் ஊகத்தில் வாங்கப்படும் மருந்தின் செலவும் குட்டிகளின் சாவும் ஒருசேரக் குறையும். அதுவரை, நாள்தோறும் புழுக்கையை அள்ளி உலர்ந்த பலகையைக் கூட்டில் வைப்பது வளர்ப்போர் கையிலேயே இருக்கும் முதல் மருத்துவம்.